டீசல் இன்டேக்கில் கரி: டேங்கில் ஊற்றும் மருந்து அங்கே போய்ச் சேராது

கேள்வி: டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 2.8 லிட்டர் டீசல் பிக்கப், 1,60,000 கிலோமீட்டர் ஓடியது. ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் இழுவையே இல்லை, கறுப்புப் புகை தள்ளுகிறது, இன்ஜின் லைட் வருவதும் போவதுமாக இருக்கிறது. இன்டேக்கில் கரி என்கிறார்கள். டேங்கில் மருந்து ஊற்றினால் போதும் என்கிறார் ஒருவர். ஹைட்ரஜன் விட்டுச் சுத்தம் செய்யலாம் என்கிறார் இன்னொருவர். இ.ஜி.ஆரை (எரிந்த புகையைத் திருப்பி உள்ளே விடும் வால்வை) அடைத்துவிடச் சொல்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

டர்பனில் டீசல் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. மூன்று பேர் சொன்னதையும் ஒதுக்கி வையுங்கள். கரி அடைத்திருப்பது உறுதியானால், இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதியை, கழற்றிக் கையால் சுத்தம் செய்வதுதான் நிற்கிற வேலை.

காரணம் தெரிந்துவிட்டால் யாரும் உங்களிடம் கதை விட முடியாது. பழைய வகை பெட்ரோல் இன்ஜினில் பெட்ரோல், இன்டேக் வழியாகக் காற்றோடு கலந்து போகும்போதே வால்வைக் கழுவிவிடும். டீசலில் இன்ஜெக்டர் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறது. ஆகவே டேங்கில் ஊற்றிய மருந்து ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர், சிலிண்டர் என்று போய் சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். இன்ஜெக்டருக்கு அது கொஞ்சம் நல்லது செய்யலாம். இன்டேக் அதன் பாதையிலேயே இல்லை.

அங்கே கரி எப்படி வருகிறது? இ.ஜி.ஆர். வால்வு, எரிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்டேக்குக்குள் விடுகிறது. சிலிண்டரின் சூடு குறைந்து நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உண்டாகட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. இன்னொரு பக்கம், இன்ஜினின் பிரீதர் குழாய் வழியாக ஆயில் ஆவி வந்து சேர்கிறது. புகைக்கரி மட்டும் என்றால் தூளாக இருக்கும், ஊதினால் பறக்கும். ஆயில் சேர்ந்ததும் தார் மாதிரி ஆகிவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: இ.ஜி.ஆர். குழாய்க்குள் உலர்ந்த கரி, அது மேனிஃபோல்டில் சேரும் இடத்திலிருந்து பளபளவென்று ஈரக் கரி. மோசமான வண்டிகளில் இரண்டு விரல் நுழைய வேண்டிய போர்ட்டில் (காற்று சிலிண்டருக்குள் போகும் துளையில்) சுண்டுவிரல் நுழைவதே கஷ்டம். காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிகிறது, அதுதான் உங்கள் கறுப்புப் புகை.

ஹைட்ரஜன் விஷயமும் இதே கணக்குதான்: இன்டேக் வழியாக விட்டாலும் அது எரிவது சிலிண்டருக்குள்தான். புகைக்கரி தானாக எரிய 550, 600 டிகிரி சூடு வேண்டும். டீசல் இன்டேக் அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போவதில்லை. நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டினால் சரியாகிவிடும் என்பார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை N3 நெடுஞ்சாலையில் நல்ல லோடோடு ஏறிவந்தால் டர்போவுக்கும், டி.பி.எஃப். (சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருந்தால் அதற்கும் நல்லது. இன்டேக்கில் ஏற்கெனவே ஒட்டிய தார் ஒட்டியபடிதான் இருக்கும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன், நோய் இதுதானா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் அழுக்கா, இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் எங்காவது வெடித்திருக்கிறதா, இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் முனை கரியில் மூடியிருக்கிறதா? மேப் சென்சாரை மட்டும் துடைத்ததில் பாதி இழுவை திரும்பிய வண்டிகள் உண்டு. ஸ்கேனரில் P0401 என்ற பழுதுக் குறியீடு வந்தால், இ.ஜி.ஆர். வழியாகப் போதிய புகை போகவில்லை என்று பொருள். அதோடு இன்டேக் வாயில் உள்ள த்ராட்டில் பாடியைக் கழற்றி, செல்போன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும். புகை நீலமாக இருந்தால் கதை வேறு: ஆயில் எரிகிறது. டர்போ சீலையோ ரிங்கையோ கவனிக்காமல் கரியைச் சுரண்டிப் பயனில்லை.

இப்போது வேலை. மேனிஃபோல்டு, இ.ஜி.ஆர். வால்வு, அதன் குழாய் எல்லாம் வெளியே வர வேண்டும். சென்சார்களையும் மோட்டார் உள்ள பாகங்களையும் முதலில் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். மேனிஃபோல்டில் உள்ள கனத்த கரியை மரத்துண்டாலோ பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலோ வழித்தெடுத்த பிறகு, டீகிரீஸரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். மறுநாள் சூடான தண்ணீரும் நீளப் பிரஷும் போதும். பார்ப்பது அலுமினியம் என்றால் காஸ்டிக் சோடா, அடுப்பு கிளீனர் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். கரியோடு அலுமினியத்தையும் தின்றுவிடும், கூடவே எரியக்கூடிய வாயு கிளம்பும்.

சிலிண்டர் ஹெட்டில் உள்ள போர்ட்டுகள்தான் பொறுமை கேட்கும் இடம். வால்வு திறந்திருக்கும் போர்ட்டில் கை வைத்தால் கரிக்கட்டி நேராக சிலிண்டருக்குள் விழும். கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு இன்ஜினை மெல்லச் சுற்றி, எந்த சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் மூடியிருக்கின்றனவோ அந்த போர்ட்டை மட்டும் எடுங்கள். மற்றவற்றில் துணியைத் திணித்து, எத்தனை துணி என்று எழுதி வையுங்கள். மூடிய போர்ட்டில் கிளீனரை ஊற்றி ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்து, பெரிய சிரிஞ்சில் குழாய் மாட்டி அழுக்கை உறிஞ்சி எடுங்கள். வாக்குவம் கிளீனர் வேண்டாம். கிளீனரின் ஆவியும் மோட்டாரின் பொறியும் சேர்ந்தால் தீதான். மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள். இ.ஜி.ஆர். வால்வு மூடும் நிலையை ஸ்கேனர் வைத்து மறுபடி பழக்க வேண்டிய வண்டிகளில் அதையும் செய்ய வேண்டும். பல கடைகளில் இந்த ஒன்றை விட்டுவிடுவதால்தான் லைட் திரும்ப எரிகிறது.

பிரிக்காமல், ஓடும் இன்ஜினில் ஸ்ப்ரே அடிக்கும் முறையைக் கேட்பீர்கள். லேசான படிவுக்கு, டீசலுக்கென்று செய்த ஸ்ப்ரேயை, இன்டர்கூலருக்கு அப்புறம், கொஞ்சம் கொஞ்சமாக அடித்தால் ஓரளவு பலன் உண்டு. 1,60,000 ஓடி மூச்சுத் திணறும் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உள்ளே போகும் கிளீனரும் எரிபொருள்தான். டீசல் இன்ஜினுக்குக் காற்றும் எரிபொருளும் கிடைத்தால் சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காது, கட்டுப்பாடில்லாமல் சுற்றி உடைந்து போகலாம். பெயர்ந்து வரும் கட்டி வால்வில் சிக்கும் ஆபத்து வேறு.

இ.ஜி.ஆரை அடைப்பது பற்றி. அடைத்தால் இன்டேக் சுத்தமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு அதிகமாக உண்டாகி வெளியே போகும், அது மூச்சுக்குழாயை அரிக்கும் வாயு. உங்களுக்குப் பக்கத்து மெரிபேங்க்கைப் பாருங்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். அங்குள்ள செட்லர்ஸ் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை 2000-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, ஆஸ்துமா மிக அதிகமாக இருப்பது தெரிந்தது. அந்தக் காற்றில் இன்னும் கொஞ்சம் சேர்க்கும் வேலையை, காசு கொடுத்தாலும் நான் செய்வதில்லை.

திரும்ப அடைக்காமல் இருக்க: குறுகிய ஓட்டமும் ஐடிலில் நிற்பதும்தான் கரியின் நண்பர்கள். இன்ஜின் சூடாகும் முன்பே அணைக்கும் பழக்கத்தைக் குறையுங்கள். கந்தகம் 500 பி.பி.எம். உள்ள டீசலை விட்டு 50 பி.பி.எம். உள்ளதைப் போடுங்கள். ஆயிலைச் சொன்ன கெடுவுக்கு முன்பே மாற்றினாலும் நல்லதுதான். பிரீதர் குழாயில் கேட்ச் கேன் என்ற டப்பா மாட்டலாம், ஆயில் ஆவியில் ஒரு பகுதியைப் பிடிக்கும். ஆனால் சேர்ந்ததை மறக்காமல் கொட்ட வேண்டும், அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயில் கசியும்.

நீங்களே செய்யாமல் கடையில் விடுவதானால், இரண்டு கேள்வி கேளுங்கள்: போர்ட்டுகளையும் சுத்தம் செய்வீர்களா, மேனிஃபோல்டு மட்டுமா? கழற்றியதும் எனக்குக் காட்டுவீர்களா? இரண்டாவதற்குத் தயங்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.