சிஎன்சி தூசி: ஷூ, சைக்ளோன், ஓஸ் எல்லாம் நாமளே செய்யுதது பத்தி கேள்வி பதில்

செங்கோட்டைல மரம் அறுக்குத மில்லுகளுக்கு நடுவுல எம் பட்டறை. நாலடிக்கு எட்டடி சிஎன்சி ஒண்ணு ஓடுது, கம்ப்யூட்டர் சொல்லுதபடி தானா மரம் வெட்டுத மெஷின். நிலைக்கதவு கார்விங், பூஜை ரூம் கதவு, மலைக்கு அந்தப் பக்கம் புனலூர் கொட்டாரக்கரைக்கு போற எம்டிஎஃப் (மரநாரும் பசையும் சேத்து அமுக்குன பலகை) ஜாலி, இதுதான் பொழப்பு. பிட்ட சுத்துத ஸ்பிண்டில் மோட்டார்ல மாட்டுத ஷூ, பெரிய தூள காத்துலேர்ந்து பிரிச்சு டிரம்முல போடுத சைக்ளோன், இழுத்துட்டு போற ஓஸ், இந்தத் தூசி புடிக்குத சாமான் பூரா நானே செஞ்சு மாட்டுனது, அதப்பத்தி கேளுங்கன்னு சொன்னேன், நெறைய பேரு கேட்டுட்டீங்க. தெரிஞ்சத சொல்லுதேன். சாஃப்ட்வேர், மெஷின் வெல, லோன் இதெல்லாம் எங்கிட்ட வேண்டாம்.

தென்காசி, புது மெஷின்காரர்: அண்ணாச்சி, 2.2 கிலோவாட் வாட்டர் கூலிங் ஸ்பிண்டில் போட்டுருக்கேன். டஸ்ட் ஷூ வெளிய வாங்கணுமா, நாமளே வெட்டிக்கிடலாமா?

வெட்டிக்கிடலாம் தம்பி, வெட்டுத மெஷினே கையில இருக்கு பெறகு எதுக்கு வாங்கணும். அந்த ஸ்பிண்டில் பாடி பொதுவா 80 எம்எம், ஆனாலும் வெர்னியர் வச்சு அளந்துட்டு வெட்டுங்க, 80.2 வச்சா வழுக்கி ஏறும். மேல் தட்டுக்கு 12 எம்எம் அக்ரிலிக் போடலாம், இல்லன்னா காய் வெட்டுத வெள்ளைப் பலகை இருக்குல்லா, அந்த எச்டிபிஇ, அது உடையாது ஆனா பசை ஒட்டாது, போல்ட்டுதான் போடணும். தட்டுல ரெண்டு ஓட்டை, ஒண்ணு ஸ்பிண்டிலுக்கு ஒண்ணு ஓசுக்கு. ஸ்பிண்டில் ஓட்டைய ஒரு பக்கம் கீறி விட்டு எம்6 போல்ட் ஒண்ணு போட்டா கவ்விக்கிடும். பலம்கொண்ட மட்டும் இறுக்கப்படாது, உள்ள பேரிங் இருக்கு, ஷூ ஆடாம நின்னா போதும்.

கீழ்த்தட்டு தனியா இருக்கணும், பிரஷ் அதுலதான். ரெண்டு தட்டையும் சேக்க சின்ன நியோடிமியம் காந்தம் நாலோ ஆறோ பதிச்சிருங்க, பிட்டு மாத்தும்போது கீழ்த்தட்ட மட்டும் புடுங்கிட்டு மாத்திக்கிடலாம். ஒவ்வொரு வாட்டியும் ஸ்பேனர் எடுத்து கழட்டணும்னா வேலைக்கு இருக்க பயலுக ஷூவ மூலையில போட்டுட்டு தூசியிலயே ஓட்டுவானுவ, நெறைய பட்டறைல பாத்துட்டேன்.

பிரஷ்ஷுக்கு கதவு அடியில ஒட்டுத நைலான் பட்டை ஹார்ட்வேர் கடைல கேளுங்க, கெடைக்கலன்னா சைக்கிள் டியூப்ப விரிச்சு கால் இஞ்ச்க்கு ஒரு வெட்டு வெட்டி தொங்கவிட்டா அதுவும் நல்லாவே வேல செய்யும். பிட்டு நுனிய விட பிரஷ் கொஞ்சம் கீழ இறங்கி பலகைய தொடணும், 18 எம்எம் பலகைய முழுசா வெட்டி இறங்கும்போது அந்த 18ம் மடங்க எடம் இருக்கணும், அதனால 35லேர்ந்து 40 எம்எம் நீளம் சரியா வரும். இன்னொண்ணு, ஒரு சந்து விடாம அடைச்சா நல்லா இழுக்கும்னு நெனைக்காதீங்க. காத்து உள்ள வந்தாத்தான் தூசிய தூக்கிட்டு போகும், பிரஷ் எடவெளி வழியா அது வரணும்.

ஏர் கூலிங் ஸ்பிண்டில் வச்சிருக்கவங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்லுதேன். மேல இருக்க ஃபேன் காத்த பாடி வழியா கீழ தள்ளும், அது ஷூக்குள்ள எறங்குனா உள்ள கெடக்க தூசிய பிரஷ் வழியா வெளிய ஊதிரும். அந்தக் காத்து வெளிய வர ஓட்டைக்கு கீழ மேல் தட்டு வர்ற மாதிரி மாட்டுங்க, எடம் இல்லன்னா ஒரு தகடு வளைச்சு காத்த பக்கவாட்டுல திருப்பி விடுங்க.

புனலூர், ரப்பர் மர ஃபர்னிச்சர்: 2 எச்பி டஸ்ட் கலெக்டர் இருக்கு அண்ணாச்சி, ரெண்டு பை வச்சது. ஷூல ஓட்டை சின்னதுன்னு 4 இஞ்ச்லேர்ந்து 2 இஞ்ச்க்கு ரெடியூசர் போட்டேன், இழுக்கவே மாட்டேங்குது. மோட்டார் போச்சா?

மோட்டார் நல்லா இருக்கு, ரெடியூசர்தான் வில்லன். இத எல்லாரும் படிங்க, கேள்வில பாதி இதுக்குள்ளதான் கெடக்கு.

காத்த இழுக்குத மெஷின் ரெண்டு சாதி. வாக்குவம் கிளீனர் அழுத்தம் ஜாஸ்தி, காத்து கம்மி. ப்ளோயர் வச்ச டஸ்ட் கலெக்டர் காத்து ஜாஸ்தி, அழுத்தம் கம்மி. மரத்தூள் பைப்புல படியாம ஓடணும்னா காத்து செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்துலயாவது போகணும். 4 இஞ்ச் பைப்புல அந்த வேகம் வர 350 சிஎஃப்எம் (நிமிசத்துக்கு இத்தன கன அடி காத்து) கிட்ட வேணும், 2 இஞ்ச்ல 85 கிட்ட போதும், ஏன்னா 4 இஞ்ச் வாய் 2 இஞ்ச் வாய விட நாலு மடங்கு பெருசு. உங்க ப்ளோயருக்கு அழுத்தம் கெடையாது, 2 இஞ்ச்ல அது மூச்சு முட்டி நிக்கி. ஷூ ஓட்டைய 4 இஞ்ச்க்கு பெருசா வெட்டுங்க, வட்டத்துக்கு எடம் இல்லன்னா அதே பரப்பு வர்ற மாதிரி நீளவாக்குல வெட்டி மேல கூம்பு வைங்க. டப்பால போட்டுருக்க சிஎஃப்எம்ம நம்பாதீங்க, அது பைப்பு மாட்டாம எடுத்த கணக்கு.

பைப்புக்கு 110 எம்எம் டிரெயினேஜ் பிவிசி போதும். வளையுத ஓஸ் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது, உள்ள இருக்க சுருள் வரி காத்த புடிச்சு நிறுத்தும், மெஷின் நகருத தூரத்துக்கு மட்டும் அது, மிச்சம் பூரா வழுவழு பைப்பு. 90 டிகிரி எல்போ ஒண்ணுக்கு பதிலா 45 ரெண்டு போடுங்க. ஓச மேல உத்தரத்துல எலாஸ்டிக் கயிறுல தொங்க விடுங்க, அந்த எடை ஸ்பிண்டில்ல ஏறப்படாது.

சாயங்காலம் பைய உள்ள விட்டுட்டு கதவ பூட்டாதீங்க. மொட்டை பிட்டு மரத்த தேச்சு கங்கு புடிச்சா அது ஓஸ் வழியா பைக்கு போயிரும், உள்ள பல மணி நேரம் பொகையும், தீ வெளிய தெரியும்போது பட்டறைல ஆள் இருக்காது. கருகுன வாசம் அடிச்சா மெஷின நிறுத்திட்டு பையத்தான் மொதல்ல பாக்கணும்.

கம்பம்: அண்ணே, வீட்ல வாக்குவம் கிளீனர் கெடக்கு, அதுவே பத்துமாண்ணே?

சின்ன மெஷின், ஒரு மணி ரெண்டு மணி வேலைன்னா பத்தும், 2 இஞ்ச் ஓஸ், நடுவுல சைக்ளோன் கட்டாயம். ஆனா அந்த மோட்டார்ல கார்பன் பிரஷ் இருக்கு, நாள் முழுக்க ஓடுததுக்கு செஞ்சதில்ல. எட்டு மணி நேரம் கார்விங் ஓடுச்சுன்னா கருகிரும். நீண்ட வேலைக்கு இண்டக்‌ஷன் மோட்டார் ப்ளோயர்தான்.

குமுளி: 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டுல சைக்ளோன் மாட்டுனேண்ணே. ஓஸ் அடைச்சதும் பக்கெட்டு டப்புன்னு நசுங்கிப்போச்சு. அதுக்கு முன்னாடியும் தூள் பாதி வாக்குவம் பில்டருக்கே போச்சு.

ரெண்டு தனித்தனி சமாச்சாரம். நசுங்குனது உறிஞ்சுத அழுத்தம், பிளைவுட்ல ரெண்டு வளையம் வெட்டி உள்ள முட்டுக்கொடுங்க, இல்லன்னா கிளாம்பு மூடி வச்ச நீல டிரம்முக்கு மாறுங்க. தூள் தாண்டிப் போகுதுன்னா மூடி லீக்கு. சைக்ளோன் கீழ்ப் பக்கம் ஊசி ஓட்டை அளவு காத்து உள்ள வந்தாலும் கீழ விழுந்த தூள திருப்பி மேல தூக்கிரும். மூடி சுத்தி ஸ்பாஞ்சு டேப் ஒட்டுங்க, ஜாயிண்டுல சிலிகான். முக்கா டிரம் ஆனதும் கொட்டிரணும், நெறஞ்சா சைக்ளோன் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

களியக்காவிளை: வீட்டு வாக்குவம் போதுமா சார்?

கம்பத்துக்காரருக்கு சொன்னதுதான், மேல பாருங்க.

நாகர்கோவில், வயரிங் வேலை: அண்ணாச்சி, பிவிசி பைப்பு போடச் சொல்லுதீங்க, எர்த்து பத்தி ஒரு வார்த்த சொல்லலியே? ஸ்டேட்டிக் கரண்ட் ஏறி மரத்தூள் வெடிக்கும். பைப்பு நீளத்துக்கும் காப்பர் கம்பி சுத்தி எர்த் பண்ணணும்.

எர்த்து வேணும், ஆனா நீங்க சொல்லுத எடத்துல இல்ல. பிவிசி கரண்ட் கடத்தாது, வெளிய கம்பி சுத்துனா கம்பி தொட்ட எடம் மட்டும்தான் எர்த் ஆகும், உள்சுவத்துல இருக்க சார்ஜ் அங்கயேதான் நிக்கும். உள்ள கம்பி விட்டா அதுல சுருள் சுத்தி அடைப்பு வரும்.

நாகர்கோவில், வயரிங் வேலை: அப்ப வெடிக்காதுங்கியளா? மாவு மில்லு வெடிச்சது எல்லாம் பொய்யா?

பொய்னு யாரு சொன்னா. ஒரு கன மீட்டர் காத்துல கிட்டத்தட்ட 40 கிராமுக்கு மேல நைசு தூள் மெதக்கணும், கூடவே பொறியும் வேணும், அப்பத்தான் வெடிக்கும். நம்ம ஒரு பிட்டு வெட்டுத தூள 350 சிஎஃப்எம் காத்து இழுக்கும்போது பைப்புக்குள்ள அந்த அளவு பொதுவா சேராது. நம்ம சைசு பட்டறைக்கு ஆபத்து பையில பொகையுத கங்குதான், திரும்ப சொல்லுதேன், ராத்திரி பைய உள்ள விடாதீங்க.

பொள்ளாச்சி, நார் மில்: நடுவுல வர்றதுக்கு மன்னிச்சுக்குங்கண்ணா. எங்க நார் மில்லுல பைப்புக்குள்ள இருக்கறது பிரச்சனையே இல்லீங்க. தகரக் கூரை கம்பி மேல வருசக்கணக்குல படியுதுங்களே, அதுதான் பயம். ஒரு தீ புடிச்சு அது ஒதறி விழுந்துச்சுன்னா அவ்வளவுதானுங்க.

இவரு சொல்லுததுதான் சரியான பயம். மேல படிஞ்ச தூள் ஒரு அதிர்ச்சில மொத்தமா காத்துல எறங்கும், அப்ப நான் சொன்ன அளவு நொடில வந்துரும். மொத வெடிப்ப விட அந்த ரெண்டாவது வெடிப்புதான் கட்டடத்தயே எடுத்துட்டு போகும். நாகர்கோவில் தம்பி, கம்பி சுத்துத நேரத்துல ஏணி போட்டு உத்தரத்த தொடைங்க. அதையும் காத்து புடிச்சு ஊதாதீங்க, இழுத்து எடுங்க.

நாகர்கோவில், வயரிங் வேலை: செரி, அப்ப எர்த்து எங்கதான் குடுக்கணும்? எம் மெஷின் ஓட்டத்துல திடீர்னு நிக்கி, யூஎஸ்பி விட்டுப்போகுது.

இத மொதல்லயே கேட்டுருக்கலாம்லா! அது பாதிக்கு ஸ்டேட்டிக்தான், எம்டிஎஃப்பும் அக்ரிலிக்கும் வெட்டும்போது ஜாஸ்தி வரும். வளையுத ஓசுக்குள்ள ஸ்பிரிங் கம்பி ஓடுதுல்லா, ரெண்டு முனையிலயும் பிளாஸ்டிக்க சீவி கம்பிய வெளிய எடுத்து ஒரு முனைய ப்ளோயர் பாடிலயும் இன்னொண்ண மெஷின் ஃபிரேம் எர்த்துலயும் ஸ்க்ரூ போடுங்க. ஸ்பிண்டில் பாடிக்கும் பிளக்கு எர்த் பின்னுக்கும் மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, ஓம்ஸ் கிட்டத்தட்ட சைபர் காட்டணும். பெறகு எர்த் குழி. உப்பும் கரியும் போட்டு மூடுனதோட யாரும் திரும்பிப் பாக்குததில்ல, கோடைல காஞ்சு கெடக்கும், தண்ணி ஊத்துங்க. அப்புறமும் நின்னா லிமிட் ஸ்விட்ச் (மெஷின் ஓரத்துக்கு வந்தா நிறுத்துத ஸ்விட்ச்) வயரயும் ஸ்பிண்டில் வயரயும் ஒண்ணா கட்டியிருக்கீங்களான்னு பாருங்க, அதப் பிரிச்சு ஓட்டணும்.

புளியரை: சாரல் சீசன்ல பை அடைச்சுக்கிடுது அண்ணாச்சி. பைய எடுத்துட்டு வெளிய ஊதி விட்டுரலாமா?

ஆனி ஆடில கணவாய் காத்து நம்ம பக்கம் எப்படி அடிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா, வெளிய விட்டது அப்படியே சன்னல் வழியா உள்ள வரும், இல்லன்னா பக்கத்து வீட்டு துணில ஏறும். ஈரத்துல நைசு தூள் துணி கண்ண அடைச்சிரும். தெனமும் வேல முடிஞ்சதும் தட்டி காலி பண்ணுங்க, காகித பில்டர்னா காய வைங்க. அடைப்ப கண்டுபுடிக்க கொத்தனார் மட்டம் பாக்குத டியூப் போதும். யு மாதிரி வளைச்சு பாதி தண்ணி ஊத்தி ஒரு முனைய ப்ளோயருக்கும் பைக்கும் நடுவுல சொருகுங்க. பை சுத்தமா இருக்கும்போது ரெண்டு பக்கத்து தண்ணிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு கோடு போட்டு வைங்க, அது ஏற ஏற பை அடைக்குதுன்னு அர்த்தம்.

பாலக்காடு, கிரானைட்: இதே செட்டப் கிரானைட்டுக்கு ஆகுமா?

ஆகாது. அது சிலிக்கா, தண்ணி விட்டு வெட்டுத வேலை. கல்லு வேல தெரிஞ்சவங்கள கேளுங்க.

கூடலூர்: தூள் எல்லாம் நல்லா இழுக்குது, தரை பளிச்சுனு இருக்கு. மாஸ்க் இனி வேண்டாம்ல?

வேணும். தரைல கெடக்குத சீவல் உங்கள ஒண்ணும் செய்யாது, பெருக்குனா போச்சு. கண்ணுக்கு தெரியாம மணிக்கணக்கா மெதக்குதே அந்த நைசு தூள்தான் நெஞ்சுக்குள்ள எறங்கும். உலக சுகாதார நிறுவனத்தோட புத்துநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே மரத்தூள மனுசனுக்கு புத்துநோய் வரவைக்கும்னு மொத வகைல வச்சிட்டாங்க, மூக்கு உள்ளயும் சைனஸ்லயும் வருதது. எம்டிஎஃப் பசைல இருக்க ஃபார்மால்டிஹைடும் அதே வகைல இருக்கு. கடைல குடுக்குத சாதா துணிப் பை பெருவாரியா 30 மைக்ரான், நைசு தூள் அது வழியா திரும்ப ரூமுக்குத்தான் வருது, அதுக்கு 1 மைக்ரான் பை இல்லன்னா பில்டர் வேணும். சைக்ளோனும் பெரிய தூளத்தான் புடிக்கும். என்95 மாஸ்க், ரெண்டு வாரும் தலைக்குப் பின்னால போகணும், தாடி இருந்தா ஓரத்துல காத்து புகும். தோள்ல கெடக்க துண்ட மூக்குல கட்டிக்கிட்டு ஈட்டி அறுக்காதீங்க அய்யா, கை கூப்பி கேக்கேன்.

உத்தமபாளையம்: அண்ணே வாக்குவம் கிளீனர் எது வாங்கலாம், வீட்டுக்குள்ளது போதுமா?

மூணாவது ஆள். மேல இருக்கு, படிச்சுட்டு கேளுங்க.

மார்த்தாண்டம், சிற்ப வேலை: 50 எம்எம் ஆழத்துல சாமி உருவம் எடுக்கேன். ஸ்பிண்டில் எறங்கும்போது பிரஷ் பூரா மடங்கி பிட்டுல மாட்டுது.

ஆழ வேலைக்கு ஸ்பிண்டில் பாடில கட்டுத ஷூ ஆகாது. மேலயும் கீழயும் போற இசட்டோட ஏறி எறங்காம, இசட்ட தாங்கி பக்கவாட்டுல போற எக்ஸ் வண்டில ஒரு கை நீட்டி அதுல ஷூவ மாட்டுங்க, ஸ்பிண்டில் மட்டும் உள்ள ஏறி எறங்கும், பிரஷ் எப்பவும் பலகை மேல ஒரே உயரத்துல நிக்கும். கையில நீளமா ஒரு ஸ்லாட் வெட்டி விங் நட் போட்டா பலகை கனத்துக்கு ஏத்தாப்ல ஏத்தி எறக்கலாம். மேல்நோக்கி தூள் தள்ளுத அப்கட் பிட்டு போடுங்க, டவுன்கட் போட்டா தூள் குழிக்குள்ளயே அமுங்கி பிட்டு சூடாகும். சூடு ஆனா கங்கு, கங்கு ஆனா பை, சொல்லிட்டேன்.

வாளையார்: ஏசிபி ஷீட்டும் அதே மெஷின்ல வெட்டறனுங்க, அதே பைல விடலாங்களா?

கூடாது. ஏசிபில ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு, அந்தச் சீவல் சூடா போயி மரத்தூள்ல விழும். அதுக்கு தனி டிரம், மரத்தூள காலி பண்ணிட்டு மாத்துங்க.

கடையநல்லூர், கோழிப் பண்ணை: அண்ணாச்சி, பட்டறைத் தூள் கோழிக்கு கீழ போட வாங்குதோம். சிஎன்சி தூள் வாங்கலாமா?

தேக்கு, வேம்பு மாதிரி முழு மரத்துச் சீவல்னா கேட்டு வாங்குங்க, ரொம்ப நைசா இருந்தா கோழி மூச்சுக்கும் ஆகாது, சலிச்சு பெரிய சுருள மட்டும் எடுங்க. எம்டிஎஃப், பிளைவுட் தூள் எந்த வெலைக்கும் வேண்டாம், அதுல பசை. ரப்பர் மரத்துக்கு பூச்சி அரிக்காம இருக்க போரான் மருந்து ஏத்தியிருப்பாங்க, அதையும் தவிர்த்துருங்க. பட்டறைக்காரங்களுக்கும் சொல்லுதேன், எம்டிஎஃப் வெட்டுத அன்னைக்கு டிரம்ம மாத்திட்டு வெட்டுங்க, ரெண்டும் கலந்துட்டா பெறகு பிரிக்க வழி கெடையாது, பண்ணைக்காரர் கேட்டா கலந்ததுன்னு சொல்லியே குடுங்க.