மூணு பேரும் ஒண்ணா ஊதுனா எதைக் கேக்கறதுங்க?

நியூ ஆர்லியன்ஸ் பாணிப் பழைய ஜாஸை முதல் தடவை நேரில் கேட்கப் போகும் நம்ம பக்கத்து ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்.

ஈரோட்டிலிருந்து: ஏனுங்க, ட்ரம்பெட், கிளாரினெட், ட்ராம்போன் மூணும் ஆளுக்கொரு பக்கம் போகுது. எதைப் புடிக்கறதுங்க?

ட்ரம்பெட்டைப் பிடிங்க. மெட்டு பெரும்பாலும் அதனிடம்தான். கிளாரினெட் அதற்கு மேலே பொடிச் சுரங்களாக ஓடும். ட்ராம்போன் அடியில் நின்று, ஒரு கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) அடுத்த கார்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். பாட்டின் அமைப்பு முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை வருவது ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு வாத்தியம் என்று காதை மாற்றுங்க. மூன்றையும் ஒரே சுற்றில் பிடிக்கப் பார்த்தால் இரைச்சலாகத்தான் கேட்கும். ட்ரம்பெட் மூச்சு விடும் இடைவெளியில் கிளாரினெட் புகுவதைக் கவனியுங்க. இந்த இசையின் ருசியே அங்கேதான் இருக்கு.

திருப்பூரிலிருந்து: சுத்து எங்க முடியுதுன்னே தெரியலீங்க.

எண்ணுங்க. நாலு அடி ஒரு பார். ப்ளூஸ் என்ற பாட்டு வகை என்றால் 12 பார், அதாவது 48 அடி. நிமிடத்துக்கு 160 அடி வேகத்தில் ஒரு சுற்று 18 விநாடி. 5-ஆவது பாரிலும் 9-ஆவது பாரிலும் கார்டு மாறும். அந்த இரண்டு திருப்பமும் காதில் பட்டுவிட்டால் எண்ணிக்கையே வேண்டாம். நடுவில் மொத்தக் குழுவும் இரண்டு பார் நிறுத்தி, ஒருவர் மட்டும் வாசிப்பார். இதற்கு பிரேக் என்று பெயர். பாட்டு முடிந்ததென்று பலர் இங்கே கைதட்டி, அந்த 8 அடியையும் கெடுத்துவிடுகிறார்கள். தாளம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருங்க. தனி முடிந்ததும் தாராளமாகத் தட்டலாம், தவில் தனிக்குத் தட்டுகிற மாதிரியே.

பொள்ளாச்சியிலிருந்து: தாளத்துக்குத் தட்டலாமுங்களா?

2-ஆம், 4-ஆம் அடியில் தட்டுங்க. டியூபா என்ற பெரிய ஊதுகுழல் அடிநாதமாக 1, 3-இல் விழும். கையும் அங்கேயே விழுந்தால் பாட்டு கனத்துப்போகும். ஆதி தாளத்துக்குப் பழகிய கை முதலடிக்கே போகும் என்பதால், 1, 3-க்குக் காலைத் தட்டிக்கொள்ளுங்க. கடைசி வரிசையில் இருந்தால் தட்டவே வேண்டாம். 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு இசை 0.1 விநாடி தாமதமாக வரும். அவர் தட்டுவது மேடைக்குப் போக இன்னொரு 0.1 விநாடி. நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் ஓரடியே 0.3 விநாடிதான், குழு தடுமாறிவிடும்.

கோபியிலிருந்து: கல்யாண மண்டபத்துல வெக்கறோமுங்க. எத்தனை மைக் வேணும்? எங்க உக்காரலாம்?

முதலில் மைக்கே இல்லாமல் ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லி, கடைசி வரிசையில் நின்று கேளுங்க. ட்ரம்பெட், ட்ராம்போன், டிரம்ஸ் மூன்றும் தானாகவே எட்டும். பாடுகிறவருக்கு ஒன்று, கிளாரினெட்டுக்கு ஒன்று, பேஞ்சோ என்ற தந்தி வாத்தியத்துக்கு ஒன்று என்று மூன்று போதும். எல்லாவற்றுக்கும் மைக் வைத்து ஏற்றினால் டைல்ஸ் தரையிலும் வெறும் சுவரிலும் எதிரொலித்து, வாத்தியங்கள் வாசிப்பது ஒன்றோடொன்று குழம்பிப்போகும். பின்சுவரில் கனமான திரை கட்டுங்க, ஜமுக்காளமானாலும் சரி. உட்கார, மேடையிலிருந்து 6 முதல் 8 மீட்டர் நல்ல தூரம். ட்ரம்பெட்டின் வாய்க்கு நேரே மட்டும் வேண்டாம். அதன் ஒலி நேர்கோட்டில் பாயும், கிளாரினெட் அமுங்கிவிடும்.

கரூரிலிருந்து: முன்னாடியே கேட்டுப் பழக ஏதாச்சும் இருக்குதுங்களா?

கிங் ஆலிவர் குழுவின் 1923 பதிவுகள். அதில் இரண்டாவது கார்னெட் (ட்ரம்பெட் மாதிரியான வாத்தியம்) வாசிப்பவர் லூயி ஆம்ஸ்ட்ராங். ஆனால் மைக் இல்லாமல் புனல் வழியாக ஒலியைப் பதிந்த காலம் அது, டிரம்ஸ் சரியாகப் பதியாது. நேரில் டிரம்ஸ் அதைவிடப் பலமாக இருக்கும், எதிர்பார்த்தே போங்க.