பின்னால் அடிக்கும் ஹாரன்

மலைப்பாதையில் கார் ஓட்டப் பழகும் வாசகர்களின் கேள்விகளுக்கு, குன்னூரில் 22 ஆண்டுகளாக ஓட்டுநர் பயிற்சி தரும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு 41 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. மேட்டுப்பாளையத்தில் அண்ணன் வீட்டில் தங்கி கார் ஓட்டப் பழகி, போன வருடம் லைசென்ஸ் வாங்கினேன். ஊருக்கு வந்த நாலாவது நாள், கட்டபெட்டு பக்கம் ஓர் ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றது. நானும் நிறுத்தினேன். மறுபடி எடுக்கும்போது வண்டி ஆஃப் ஆகிவிட்டது. இரண்டாம் தடவை எடுத்தபோது பின்னால் உருண்டது. பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. கை கால் எல்லாம் உதறி, கடைசியில் யாரோ ஒருவர் வந்து வண்டியை எடுத்துக் கொடுத்தார். ஏழு மாதமாகக் கார் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. சாவியைத் தொட்டாலே உள்ளங்கை வியர்க்கிறது. ‘உனக்கெல்லாம் எதுக்கு கார்?’ என்கிறார்கள் வீட்டில். இந்தப் பயம் போகுமா?
பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: போகும், டீச்சர். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வளைவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, பள்ளத்தைப் பற்றியும் இல்லை. ஹாரனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், வீட்டில் கேட்ட கேள்வியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் பழக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே கதைதான். சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் ஏறி இறங்கின மலை, அதைக் கண்டு நமக்கு அவ்வளவாகப் பயம் கிடையாது. பின்னால் நிற்கிறவர் என்ன நினைப்பாரோ என்பதுதான் காலை உதற வைக்கிறது.

அதனால் முதலில் ஹாரனை முடித்துவிடுவோம். ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகிவிட்டதா? பிரேக்கை மிதித்தபடியே ஹேண்ட் பிரேக்கை முழுசாக மேலே இழுங்கள். நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் பட்டனை அழுத்துங்கள். மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள். ஹாரன் அடித்துக்கொண்டேதான் இருக்கும். அடிக்கட்டும். பஸ் டிரைவருக்கு அடுத்த ஸ்டாப்புக்கு நேரமாகிறது, அந்த அவசரத்தை அவர் ஹாரனில் காட்டுகிறார். அது உங்களுக்குப் போட்ட உத்தரவு இல்லை. ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கிற வரை உங்கள் வண்டி எங்கேயும் போகாது, பத்து வினாடியோ இருபது வினாடியோ எடுத்துக்கொள்ளலாம். ஹாரனுக்குப் பதில் சொல்வதுபோல கிளட்சைப் படக்கென்று விடும்போதுதான் வண்டி மறுபடி ஆஃப் ஆகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது குன்னூர் பெட்போர்டு ஏற்றத்தில். வருடம் 1997, எனக்கு 19 வயது. அப்பா ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், உருளைக்கிழங்கு ஏற்றும் லாரி டிரைவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய அம்பாசிடரைக் கேட்டு வாங்கி எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்குப் பின்னால் ஒரு ஜீப், அதற்குப் பின்னால் இன்னும் நாலு வண்டி. இரண்டு தடவை ஆஃப் ஆனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா சத்தம் போடவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். ஜீப் பக்கத்தில் போய், ‘புதுசா பழகுது, கொஞ்சம் இடம் விட்டு நில்லுங்க’ என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜீப் ஓர் ஆள் நீளம் பின்னால் போனது. ஹாரனும் நின்றது. மூன்றாம் தடவை வண்டி ஏறியது. இன்றைக்கும் என் மாணவிகளின் காரில் எல்-போர்டோடு சேர்த்து, ‘புதிதாக ஓட்டுகிறேன், இடம் விடுங்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டித்தான் அனுப்புகிறேன். லைசென்ஸ் வந்த பிறகும் அந்தத் தாளை ஆறு மாதம் எடுக்க வேண்டாம். நீங்களும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனி கால் வேலை. மேட்டுப்பாளையத்துத் தரையில் பழகின உங்களுக்கு இதை யாரும் பொறுமையாகக் காட்டியிருக்க மாட்டார்கள், அங்கே அதற்கு ஏற்றமே இல்லை. உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. கிளட்சில் ஓர் இடம் இருக்கிறது. என்ஜினும் சக்கரமும் கை குலுக்கிக்கொள்கிற இடம். அதை நாங்கள் ‘பிடிக்கிற இடம்’ என்போம். இப்படிக் கண்டுபிடியுங்கள்: லேசான ஏற்றத்தில், பின்னால் யாரும் எதுவும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு முதல் கியரில் நில்லுங்கள். இடது காலை நூல் நூலாக மேலே விடுங்கள். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் கம்மி, கனத்துப் போகும். ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் தெரியும். பானெட்டைப் பாருங்கள், வண்டியின் மூக்கு ஒரு விரற்கடை மேலே எழும்பும். அதுதான் இடம். காலை அங்கேயே நிறுத்துங்கள், சுண்டுவிரல்கூட அசையக் கூடாது. வலது காலால் ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்துங்கள். சத்தம் கொஞ்சம் உயர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி பின்னால் போகாது, முன்னால்தான் போகும். புதிய கார்களில் சிலவற்றில் பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓரிரு வினாடி வண்டியைத் தானாகப் பிடித்து வைக்கிற வசதி இருக்கிறது. உங்கள் வண்டியில் இருந்தாலும் முதலில் ஹேண்ட் பிரேக்கிலேயே பழகுங்கள்.

ஒரே நாளில் இதை இருபது தடவை செய்ய வேண்டாம். கிளட்ச் சூடேறிக் கருகல் வாசனை அடிக்கும், உங்களுக்கும் கால் வலிக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போதும்.

அப்புறம் செருப்பு. நம் ஊர்க் குளிருக்குக் கம்பளி சாக்ஸும் தடித்த ஷூவும் போட்டுக்கொண்டு ஓட்டினால் அந்த நடுக்கம் பாதத்துக்கு எட்டவே எட்டாது. அடி மெல்லியதாக, குதிகாலைப் பிடித்துக்கொள்கிற ஷூ ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். சால்வையைத் தோளில் தொங்கவிடாமல் முடிந்துகொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் கிளட்ச் பிடிபடவில்லை என்று என்னிடம் வந்த ஒரு நர்ஸ் அக்காவுக்கு ஷூ மாற்றியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஏழு மாதம் நின்ற வண்டியை எடுப்பதற்கு முன் பாட்டரி, டயர் காற்று, பிரேக் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரே பாதை, ஒரே நேரம். ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வீட்டிலிருந்து ஏதாவது ஒரு கடை வரை போய்த் திரும்புங்கள். மனசுக்குப் பாதை மனப்பாடமானால் கண்ணுக்கு வேலை குறையும். பயந்தால் கண் பானெட்டின் நுனியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கித் தூரத்தில், சாலை திரும்புகிற இடத்தில் வையுங்கள். மூன்றாவது வாரம் அதே கட்டபெட்டு ஏற்றத்துக்குப் போங்கள். சாலை காலியாக இருக்கும்போது, அன்று நின்ற அதே இடத்தில் ஓரமாக நிறுத்தி, மறுபடி எடுங்கள். அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வரை பயம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பழகுவதற்கு ஏப்ரல், மே வேண்டாம். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்த பிறகும் சீசன் நெரிசலை நீங்களே பார்க்கிறீர்கள்.

வண்டியில் சும்மா பயணியாக உட்கார்ந்தாலே மூச்சு அடைத்து நெஞ்சு படபடக்கிறது என்றால் அது வேறு. அதற்கு டாக்டரைப் பாருங்கள், கூச்சப்பட எதுவும் இல்லை.

வீட்டில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். ஒரு சாயங்காலம் அவர்களையே பின் சீட்டில் உட்கார வைத்து அந்த ஏற்றத்தில் ஏற்றிக் காட்டுங்கள்.

கேள்வி: முதல் தடவையாக நண்பர்களுடன் ஊட்டிக்குக் கார் ஓட்டி வருகிறேன். ஏறுவதில் பயமில்லை. இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?
கல்லூரி மாணவர், திருப்பூர்

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. மிச்சமும் கிடையாது. இப்போதைய கார்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் என்ஜினுக்குப் போகிற பெட்ரோலே நின்றுவிடும், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் பிரேக். நியூட்ரலில் வண்டியின் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும், பிடி குறையும், உள்ளே இருக்கிற பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போய்விடும். சாவியை அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இன்னும் மோசம். என்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகும், ஸ்டியரிங் கனக்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகிற கல்லட்டிப் பாதையில் 36. அங்கே வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வைத்திருப்பதே இதனால்தான்.

எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார் அப்பா. செங்குத்தான இடத்தில் இரண்டாவது, கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் முதலாவது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போய் மிதிக்காதீர்கள். பிரேக்கை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள், நடுவில் அது ஆறட்டும். நம் மலை ரயிலைப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு ஓர் அடி சரிவு. பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கிற பல்வரிசையைக் கவ்விக்கொண்டிருந்தும், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். அப்பா லாரியை பர்லியாறில் நிறுத்தி டீ குடிப்பார். டீக்கு முன் சக்கரத்தின் பக்கத்தில் புறங்கையை நீட்டி, தொடாமலே சூடு பார்ப்பார். அனல் அடித்தால் இரண்டாவது டீயும் உண்டு. உங்களுக்குக் கருகல் வாசனை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் நில்லுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

குறுகலான இடத்தில் எதிரே வண்டி ஏறி வந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். ஏறுகிற வண்டிக்கே முதல் வழி, சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. பஸ் வருகிறது என்றால் வளைவுக்குள் நுழையாமல் நல்ல தூரத்திலேயே நில்லுங்கள். கொண்டை ஊசியைத் திரும்ப அதற்கு முழுச் சாலையும் வேண்டும்.

கேள்வி: மகளுக்கு எல்.எல்.ஆர். எடுத்துவிட்டோம். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். என்னை அறியாமல் ‘பிரேக், பிரேக்!’ என்று கத்திவிடுகிறேன். அவள் ஓட்டவே மாட்டேன் என்கிறாள்.
ஓய்வு பெற்ற அலுவலர், கொடைக்கானல்

பதில்: ஐயா, எல்.எல்.ஆர். காலத்தில் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது நீங்களாக இருக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் பக்கத்திலும் பெடல் உள்ள பயிற்சிக் காரில் ஒரு மாதம் அனுப்புங்கள். அங்கே கத்த வேண்டிய இடத்தில் பயிற்சியாளர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிடுவார், பிள்ளைக்குச் சத்தம் கேட்காது. பிறகு நீங்கள் உட்காரும்போது ‘பிரேக்’ என்ற வார்த்தையே வேண்டாம். ‘அடுத்த வளைவுக்கு இரண்டாவது கியர்ம்மா’ என்று ஐம்பது அடிக்கு முன்பே சொல்லுங்கள். பெருமாள்மலை இறக்கத்தில் நீங்கள் மூச்சை உள்ளே இழுத்தாலே அவளுக்குக் கேட்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூடுபனியில் ஹை பீம் போட்டால் நன்றாகத் தெரியுமா?
புதிய ஓட்டுநர், ஊட்டி

பதில்: தெரியாது. பனித்துளிகளில் பட்டு அந்த வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெள்ளைச் சுவர்தான் நிற்கும். லோ பீம் போடுங்கள், ஃபாக் லைட் இருந்தால் அதையும். முன் கண்ணாடி உள்ளே ஆவி படிந்து மங்கினால் ஏ.சி.யைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்து, எதிரே வருகிற வண்டியைக் காதால் கேளுங்கள். இடது ஓரத்து வெள்ளைக் கோடு தெரிகிற வேகம்தான் உங்கள் வேகம். கோடும் தெரியவில்லை என்றால் சாலையை விட்டு முழுசாக இறங்கி நிற்க இடம் பாருங்கள், வளைவில் மட்டும் நிற்காதீர்கள்.

பனிக்குள் காட்டெருமை நிற்கும். கறுப்பு உடம்பு கடைசி வரை தெரியாது, முழங்காலுக்குக் கீழே காலுறை போட்டதுபோல இருக்கிற வெள்ளைக் கால்கள்தான் முதலில் தெரியும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் இரண்டு மூன்று இருக்கும். தள்ளி நிறுத்திக் காத்திருங்கள். நீங்கள் ஹாரன் அடிக்க வேண்டாம், பின்னால் இருப்பவர் அடித்தாலும் நகர வேண்டாம்.