கேள்வி-பதில்: விசில் அடித்தது, அடுப்பு அணையவில்லை

இந்த வாரத் தபால் முழுக்க ஒரே சாமான்தான்: அலுவலகங்களில் மீட்டர் போட்டு ஓடும் ஏஐ உதவியாளர். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், என்னைத் திட்டிய வரிகளையும் சேர்த்து.

எங்கள் பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் 14 பேர். பயன்படுத்திய அளவுக்குப் பணம் என்ற முறையில் ஏஐ எடுத்தோம். முதல் மாதம் 6,200 ரூபாய், மூன்றாம் மாதம் 41,000. ஆளும் கூடவில்லை, ஆர்டரும் கூடவில்லை. ஏமாற்றுகிறார்களா? (திருப்பூர்)

அநேகமாக இல்லை. உங்கள் மெர்ச்சண்டைசர் யாராவது ஒருவரின் திரையை எட்டிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய ஒரே உரையாடல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பையர் அனுப்பிய நூறு பக்க பிடிஎஃப், நேற்றைய ஷிப்மெண்ட் மெயில், பிள்ளையின் பேச்சுப் போட்டிக்கு எழுதி வாங்கிய நாலு பத்தி, எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். இந்த மாடல்கள், அதாவது உதவியாளருக்குள் ஓடும் ஏஐ நிரல்கள், முந்தைய பேச்சைத் தானாக நினைவில் வைத்திருப்பதில்லை. நீங்கள் 'சரி, இன்னும் கொஞ்சம் பணிவாக எழுது' என்று தட்டும்போதெல்லாம் பழைய பேச்சு பெரும்பாலும் முழுதாகத் திரும்பப் போகிறது, அத்தனைக்கும் மீட்டர் ஏறுகிறது.

எழுத்தை நறுக்கிய துண்டுக்கு டோக்கன் என்று பெயர். ஒரு கேள்வியும் பதிலும் சேர்ந்து 500 டோக்கன் என்று வையுங்கள். 40 கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டால் 20,000. ஒரே உரையாடலில் வரிசையாகக் கேட்டால் 4,10,000. திரும்பப் போகும் பகுதிக்குச் சில நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. அது போக மிச்சமும் வலிக்கும்.

ஓர் ஆர்டருக்கு ஓர் உரையாடல், முடிந்ததும் புதிதாகத் தொடங்குங்கள். முழு பிடிஎஃப்புக்குப் பதில் வேண்டிய பக்கத்தை மட்டும் கொடுங்கள். மெயில் திருத்தச் சின்ன மாடலே போதும். நிர்வாகப் பக்கத்தில் ஆள்வாரிக் கணக்கு இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். முதலில் நிற்கும் பெயரைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள், அதிகம் வேலை பார்ப்பவரும் அவராகவே இருக்கலாம்.

மாதம் 10,000 ரூபாய் என்று பட்ஜெட் வைத்தேன். 38,000 வந்திருக்கிறது. தாண்டியதும் நிற்க வேண்டாமா? (மதுரை)

நிற்கும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். ஆனால் இணையம் வழியாகக் கணினி வசதியை வாடகைக்குத் தரும் பல கிளவுட் சேவைகளில் 'பட்ஜெட்' என்பது வெறும் தகவல். கூகுள் கிளவுட் தன் உதவிக் குறிப்பிலேயே, பட்ஜெட் வைப்பதால் பயன்பாடு தானாக நிற்காது என்று எழுதி வைத்திருக்கிறது. பால் பொங்கினால் விசில் அடிக்கும் பாத்திரம் அது. அடுப்பை நீங்கள்தான் அணைக்க வேண்டும். வாங்கும் முன் கேட்க வேண்டியது இதைத்தான்: "தொகை தாண்டினால் மெயில் வருமா, இல்லை சேவை நிற்குமா?"

இனி முன்பணம் கட்டி ஓட்டும் முறைக்கு மாறுங்கள், தானாக ரீசார்ஜ் ஆகும் பொத்தானை அணைத்துவிடுங்கள். முன்பணத்தையும் அள்ளிக் கட்ட வேண்டாம், பல இடங்களில் ஓராண்டில் காலாவதியாகிவிடும். இந்தப் பில்லுக்கு எழுதிக் கேளுங்கள். 2025 ஜூனில் கர்சர் என்ற நிரல் எழுதும் கருவி கட்டண முறையை மாற்றியது. எதிர்பாராத பில்கள் வந்து கூச்சல் கிளம்பியதும் ஜூலையில் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. வாய் திறந்தவர்களால்தான் அது நடந்தது.

எந்த ஏஐ மலிவு? (ஈரோடு)

என்ன வேலைக்கு என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் நானும் ஒரு வரி எழுதியிருப்பேன்.

வீட்டிலிருந்தபடி தனியாளாக மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஒரு மறுவிற்பனையாளரிடம் ஆண்டுக்கு 12,000 கிரெடிட் என்று 18,000 ரூபாய் கட்டினேன். பக்கத்துக்கு 2 கிரெடிட் என்றார்கள். ஐந்தாம் மாதம் 'புதிய மாடல்' என்று 9 ஆக்கிவிட்டார்கள். கேட்டால் விதிமுறையில் இருக்கிறதாம். (சென்னை)

அம்மா, இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. எனக்கு இந்த 'கிரெடிட்' என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். டோக்கனையாவது எண்ணலாம்: பத்து லட்சத்துக்கு இத்தனை டாலர், உள்ளே போவதற்கு ஒரு விலை, வெளியே வருவதற்கு அதைப்போலச் சில மடங்கு என்று விலைப்பட்டியல் இருக்கிறது. கிரெடிட்டுக்கு என்ன இருக்கிறது? படிக்கல்லும் அவர்கள் செய்தது, தராசும் அவர்களுடையது, நடுவில் கல்லை மாற்றுவதும் அவர்களே. போதாததற்கு 'யோசிக்கும்' மாடல் என்று ஒன்று. திரையில் நாலு வரிதான் வரும். அதற்காக உள்ளே யோசித்த டோக்கன்கள் பெரும்பாலும் நம் கண்ணில் படாது, ஆனால் வெளியே வரும் டோக்கன் விலையிலேயே பில்லில் ஏறும். நகைக்கடைச் சேதாரம் மாதிரி. சேதாரத்திலாவது பேரம் பேச ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். 2023இல் 'ஆயுள் முழுவதும்' என்று ஓர் எழுத்து உதவிக் கருவிக்கு 5,000 ரூபாய் கட்டினேன். ஒன்பதாம் மாதம் கடையைக் கட்டிவிட்டார்கள். ஆயுள் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

உங்களுக்கு வழி இருக்கிறது. 2 கிரெடிட் என்று சொன்ன விளம்பரம், ரசீது, மாற்றிய அறிவிப்பு மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிவிடுவதும், சந்தாவில் சிக்கவைப்பதும் 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட 13 இணைய ஏமாற்று முறைகளின் பட்டியலில் இருக்கின்றன. வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலில் பிழைப்பவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு, அதை எடுத்து வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 18,000 ரூபாய்க்கு அலைய வேண்டுமா என்று யோசிக்காதீர்கள். அவர்கள் நம்பியிருப்பது அந்தத் தயக்கத்தைத்தான்.

தமிழில் கேட்டால் பில் கூடுமா? (தஞ்சாவூர்)

கூடும், முன்பு போல அவ்வளவு இல்லை. 2024 மே மாதம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, ஜிபிடி-4ஓ மாடலை வெளியிட்டபோது தந்த உதாரணத்தில், 116 டோக்கன் பிடித்த தமிழ்ப் பகுதி 35இல் அடங்கியது. அதே பகுதிக்கு ஆங்கிலத்தில் 24. மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் தமிழாக்கச் சொல்லி இன்னொரு முறை மீட்டரை ஓடவிடாதீர்கள்.

டாலரில் பார்த்த விலையும் கையை விட்டுப் போன தொகையும் ஒத்துப்போகவில்லை. (கோவை)

கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வெளிநாட்டுச் சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே கட்டி, தகுதியிருந்தால் உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுக்கலாம். ஆடிட்டரிடம் பில்லைக் காட்டுங்கள், எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டாம்.

எங்கள் பையன் ஏபிஐ சாவியை (நம் நிரல் ஏஐயைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) கிட்ஹப்பில் (நிரல்களைப் போட்டு வைக்கும் இணையதளம்) எல்லாரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டான். இரண்டே நாளில் 90,000 ரூபாய். அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா? (சேலம்)

எதற்கு? பீரோ சாவியைப் பஸ் ஸ்டாண்டில் தொங்கவிட்டது நீங்கள். திறந்து கிடக்கும் சாவியைத் தேடுவதற்கென்றே நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. நடந்ததை நடந்தபடி எழுதித் தள்ளுபடி கேளுங்கள், கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை: அந்தச் சாவியை ரத்து செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் அதைச் செய்யுங்கள்.