சமையல் மேடை மரத்துக்கு எந்த எண்ணெய்?

கிரானைட் மேடைக்குப் பழகிய வீடுகளில் மரப்பலகை ஏறத் தொடங்கியதிலிருந்து எண்ணெய் பற்றிய கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

வீட்டில் மரச்செக்கு நல்லெண்ணெய் நிறைய இருக்கிறது. தேக்கு மேடைக்கு அதையே தடவலாமா? தேங்காய் எண்ணெய்தான் நல்லது என்கிறார் மாமியார். (அஸ்தம்பட்டி வாசகி)

இரண்டும் வேண்டாம். மேடைக்குத் தேவை காய்கிற எண்ணெய். ஆளி விதை எண்ணெய், டங் ஆயில் (டங் மரக் கொட்டையில் எடுப்பது) போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மரத்துக்குள்ளேயே கெட்டிப்பட்டுவிடும். எந்த எண்ணெய் காயும் என்பதை, அது எவ்வளவு அயோடினை ஏற்கும் என்று காட்டும் ‘அயோடின் எண்’ என்ற அளவை வைத்து ஓரளவு சொல்லலாம்; அளவு கூடினால் காய்வதும் கூடும். ஆளி எண்ணெய்க்கு அது 170க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 110ஐ ஒட்டி. தேங்காய் எண்ணெய்க்கு வெறும் 10 அளவுதான். நல்லெண்ணெய் முழுசாகக் காயவும் காயாது, சும்மாவும் இருக்காது. பிசுபிசுவென்று தூசியைப் பிடித்துக்கொண்டு, சேலத்துச் சித்திரை வெயிலில் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் சிக்கு பிடிக்காது. அந்த அளவுக்கு மாமியார் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அது காயவே காயாது, பாத்திரம் கழுவுகிற இடத்தில் சோப்புத் தண்ணீரோடு போய்விடும்.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, அது ஆவியானதும் எண்ணெய் போட்டால்தான் உள்ளே இறங்கும்.

பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்டு’ லின்சீட் ஆயில் (ஆளி எண்ணெய்) கொடுத்தார்கள். அதன் மேல் சப்பாத்தி தேய்க்கலாமா? (அம்மாப்பேட்டை வாசகர்)

பெயரில்தான் கொதிப்பு இருக்கிறது. இப்போது வரும் டின்களில் பெரும்பாலும் சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைக் கலந்திருப்பார்கள். கதவுக்கும் ஜன்னலுக்கும் நல்ல சரக்கு. மாவு நேரடியாகப் படுகிற பலகைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். எதுவும் கலக்காத டங் ஆயில் அல்லது பச்சை ஆளி எண்ணெய் வாங்குங்கள். பச்சை ஆளி எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும், அவ்வளவுதான்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இருக்கிறது. காயாது, ஆனால் சிக்கும் பிடிக்காது. நாலு பங்கு பாரஃபினுக்கு ஒரு பங்கு தேன்மெழுகை, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கிக் கலந்தால் கொஞ்சம் நின்று பிடிக்கும். மாதம் ஒருமுறை தடவ வேண்டியிருக்கும்.

எந்த எண்ணெயானாலும் 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, தூசி தட்டி, மெல்லிசாகத் தடவுங்கள். இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்தெடுங்கள். நிறைய ஊற்றினால் நிறைய பாதுகாப்பு என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிப் பேருடைய மேடை கெடுகிறது.

அப்புறம், துடைத்த துணி. இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பற்றும், தீக்குச்சியே வேண்டாம். ஒவ்வொரு துணியாக விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக் பலகையில் மேடை போட்டோம். ஐப்பசியில் டங் ஆயில் பூசினேன், இரண்டு வாரமாகியும் ஒட்டுகிறது. எண்ணெய் மோசமா? (ஏற்காடு வாசகர்)

எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள், பருவத்தைச் சொல்லுங்கள். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம், மழை, மூடுபனி. காய்வதற்கு வேண்டிய சூடும் உலர்ந்த காற்றும் அப்போது அங்கே கிடையாது. பூச்சும் கனமாக இருந்திருக்கலாம். டர்பன்டைனில் நனைத்த துணியால் மேல்பசையைத் துடைத்து, ஃபேனைப் போட்டுவிடுங்கள். அடுத்த பூச்சை மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள்.

காப்பிக்கு நிழல் கொடுத்து மிளகுக் கொடியைத் தாங்கிய மரம் என்ற பாசம் எனக்கும் உண்டு. ஆனால் சில்வர் ஓக், தேக்கு மாதிரி ஈரம் தாங்காது. அடிப்பக்கத்துக்கும் எண்ணெய் போட்டீர்களா? மேல்பக்கம் மட்டும் பூசினால் இரண்டு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் இழுக்காது, பலகை வளையும். சிங்க்குக்காக அறுத்த வெட்டுமுகம்தான் அதிகமாகக் குடிக்கும். அங்கே மூன்று நான்கு பூச்சு கொடுங்கள்.

தோசைக்கல் வைத்த இடத்தில் கறுப்பு வட்டம். தேய்த்தாலும் போகவில்லை. (ஓமலூர் வாசகி)

இரும்பும் ஈரமும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்த கறை அது. சோப்புக்கு அசையாது. உப்புத்தாளால் பழைய எண்ணெயை எடுத்துவிட்டு, ஆக்சாலிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் வெளுக்கும். அது விஷம். கையுறை போடுங்கள், பாத்திரங்களை ஒதுக்குங்கள், பிறகு பலமுறை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். மஞ்சள் கறைக்கு இவ்வளவு பாடு வேண்டாம், வெயில் பட்டாலே மங்கிவிடும்.

ஒரேயடியாக வார்னிஷ் அடித்துவிட்டால் என்ன? (ஆத்தூர் வாசகர்)

ஒரு இடத்தில் கீறல் விழுந்து தண்ணீர் உள்ளே போனால் படலம் உரிய ஆரம்பிக்கும், அப்புறம் மொத்தத்தையும் சுரண்ட வேண்டும். எண்ணெய் என்றால் கெட்ட இடத்தை மட்டும் தேய்த்துப் பூசலாம். சுடச்சுட இறக்கும் வாணலியை இரண்டுமே தாங்காது, பிரிமணை போடுங்கள்.

மறுபடி எப்போது எண்ணெய் போடுவது? (செவ்வாய்ப்பேட்டை வாசகி)

நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் சரி. பரவி மரம் கறுத்தால் போடும் நேரம் வந்துவிட்டது. சிங்க் ஓரத்தில் அது மற்ற இடங்களைவிட முந்தி வரும், அங்கே மட்டும் போட்டாலும் போதும்.