வில்லியாகப் பிறந்த நாயகி

கேள்வி: வில்லியே நாயகியாக வரும் மங்காக்களை, அதாவது ஜப்பானியப் படக்கதைகளை, விரும்பிப் படிக்கிறேன். ஆனால் ‘மை நெக்ஸ்ட் லைஃப் அஸ் எ வில்லனஸ்’ தொடரின் நாயகி கதரீனா க்ளாஸ் தன் முடிவை முன்கூட்டியே அறிந்திருந்தும், சுற்றியிருப்பவர்கள் தன்னை நேசிப்பதை மட்டும் உணர்வதே இல்லை. இவளைத் தன் விதியைத் தானே மாற்றும் பெண் என்று எப்படிச் சொல்வது?
- வாசகி, திருச்சி

பதில்: சடோரு யாமகுச்சி 2014இல் இணையத்தில் எழுதத் தொடங்கிய இக்கதை, நமி ஹிடாகாவின் ஓவியத்தில் 2017 முதல் மங்காவாக வருகிறது. எட்டு வயதில் தலையில் அடிபட்டதும் முற்பிறவி நினைவு திரும்பும் கதரீனா, முற்பிறவியில் தான் விளையாடிய, காதல் கதை கொண்ட வீடியோ விளையாட்டின் வில்லியாகவே பிறந்திருப்பதையும், தனக்கு நாடுகடத்தலோ மரணமோதான் காத்திருக்கிறது என்பதையும் அறிகிறாள். அதன்பின் அவள் கைக்கொள்வது சூழ்ச்சியை அல்ல, உழைப்பை. வாள் பழகுகிறாள், மண் மந்திரம் வலுப்பட வேண்டுமென்று மாளிகைத் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறாள், தனிமையில் வாடித் தடம் மாற வேண்டிய வளர்ப்புத் தம்பி கீத்தைத் தனிமையில் விடாமல் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய சுயேச்சை இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் குறிப்பிடும் அறியாமைக்கும் கதைக்குள்ளேயே காரணம் உண்டு. விளையாட்டின் நாயகியான மரியா வந்ததும் எல்லோரும் அவளையே நேசிப்பார்கள் என்ற விதியைக் கதரீனா முழுமையாக நம்புவதால், கண்முன் நிற்கும் அன்பு அவள் கணக்கில் வருவதே இல்லை. மரியாவைக் கொடுமைப்படுத்தியதாகச் சில பெண்கள் கதரீனா மீது குற்றம் சாட்டும் காட்சியை மறுபடி படித்துப் பாருங்கள். இவ்வகைக் கதைகளில் வில்லி வீழ்த்தப்படுவதற்கென்றே அமைந்த அந்தக் கட்டத்தில், மரியாவே முன்வந்து அதை மறுக்கிறாள்; நண்பர்களும் துணை நிற்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் கதரீனா பிறரிடம் நடந்துகொண்ட விதம், அவளே அறியாமல், விதியை மாற்றியிருக்கிறது. இளவரசர்களால் நேசிக்கப்படுவதற்காகவே படைக்கப்பட்ட மரியாவும் அங்கே தன் விருப்பப்படி ஒரு பக்கம் நிற்கிறாள். எனக்கு அது கதரீனாவின் வெற்றியைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஆயினும் உங்கள் மனக்குறையில் ஒரு பகுதியை நான் ஏற்கிறேன். அந்த விளையாட்டின் கதை முடிந்து, அந்த அச்சம் நீங்கிய பிறகும் அவள் எதையும் உணராதிருப்பது பாத்திரத்தின் இயல்பைவிட நகைச்சுவையின் தேவையாகவே தெரிகிறது. யாரை நேசிப்பது என்று அவள் தீர்மானித்துவிட்டால் தொடரின் கலகலப்பு குலைந்துவிடும் என்பதால், அந்த ஒரு முடிவை மட்டும் கதை அவளிடம் ஒப்படைக்காமல் வைத்திருக்கிறது.