திரையை எந்த நிமிடத்தில் போடுவது?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் பாதிப் பேருக்கு ஒன்றும் நினைவில்லை. பாடக்குறிப்பு எழுதும்போதே இதை எப்படித் திட்டமிடுவது?

பதில்: முதலில் வீடியோவைத் தேடிவிட்டு, அப்புறம் அதற்கேற்பப் பாடத்தை அமைப்பதுதான் பலருடைய வழக்கம். அதை மாற்றுங்கள். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்? பாடக்குறிப்பின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். அந்தத் தப்பு உடைய வேண்டிய இடத்தில்தான் திரைக்கு வேலை.

மின்சுற்றையே எடுத்துக்கொள்வோம். தொடர் இணைப்பில், அதாவது ஒரே கம்பி வழியில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்று நிறையப் பிள்ளைகள் நம்புகிறார்கள். கரும்பலகையில் எத்தனை அம்புக்குறி போட்டாலும் இந்த நம்பிக்கை லேசில் அசையாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இணையதளத்தில் மின்சுற்று கட்டிப் பார்க்கும் சிமுலேஷன், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனை, இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாகக் கம்பிக்குள் ஊர்ந்து போகும்.

உடனே ஓட்டிக் காட்டிவிடாதீர்கள். எந்தப் பல்பு கூடுதலாக எரியும் என்று கேட்டு, விடையையும் காரணத்தையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு, மறுபடி எண்ணுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இது. முதல் தடவையிலேயே 70 சதவீதத்துக்கு மேல் சரி என்றால் வாதம் தேவையில்லை. 30 சதவீதத்துக்கும் கீழே என்றால் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிப் பயனில்லை. நீங்களே இன்னொரு முறை விளக்குங்கள்.

சரி, இப்போது ஸ்விட்சைப் போடலாம். நிஜப் பேட்டரியும் பல்புகளும் கைவசம் இருந்தால் முதலில் அவைதான். இரண்டும் ஒரே அளவில் எரிவதைப் பிள்ளைகள் நேரிலேயே பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானுக்கு மட்டும் திரை போதும்: பல்புக்கு முன்னாலும் பின்னாலும் உருண்டைகள் ஒரே வேகத்தில் நகர்கின்றன. அதைப் பார்த்ததும், முன்பு எழுதிய விடைக்குக் கீழே, எங்கே சறுக்கினோம் என்று அவர்களே ஒரு வரி எழுத வேண்டும். நேரம் போதவில்லை என்றால் வேறு எதை வேண்டுமானாலும் விடுங்கள், இந்த வரியை விடாதீர்கள்.

வீடியோவுக்கும் இதே வழிதான். கேள்வியை முதலில் போர்டில் எழுதிவிட்டு, இரண்டு மூன்று நிமிடத் துண்டாகப் போட்டு நிறுத்துங்கள். ஃபெட் சிமுலேஷனை முந்தைய நாளே இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும்.